சேட்டிலைட் படத்த வெச்சு ஃபுட் பேங்க்குக்கு எடம் பாக்குறது எப்படி (தென்சென்னையில நாங்க பண்ணத வெச்சு)

ஃபுட் பேங்க் ஆரம்பிக்கிறவங்க பெரும்பாலும் எடம் தேட மாட்டாங்க, எடம்தான் அவங்களத் தேடி வரும். தெரிஞ்சவரோட கோடவுன் ஒண்ணு சும்மா கெடக்கும், யாரோ ஒருத்தர் "வாடகையெல்லாம் வேணாம் சார், நல்ல காரியம்"னு சாவியக் குடுத்துருவாரு, அடுத்த வாரம் பேனர் கட்டி பூஜை போட்டாச்சு. நாங்களும் அதேதான் பண்ணோம். மூணு மாசம் கழிச்சு கணக்கு பாத்தா, சாமான் வாங்குனவங்கள்ல பாதிப் பேர் அந்தத் தெருவுலயே இருக்கறவங்க, யாருக்காக ஆரம்பிச்சோமோ அவங்க வரவேயில்ல. தப்பு அவங்க மேல இல்ல, எடத்து மேல. அதுக்கப்புறம்தான் மேப்பு, சேட்டிலைட்டுன்னு உக்காந்தோம். எங்க டீம்ல யாரும் ஜிஐஎஸ், அதாவது கம்ப்யூட்டர்ல மேப் போடுற படிப்பு, படிச்சவங்க இல்ல, நான் அக்கவுண்ட்ஸ் ஆளு, அதனால தைரியமா படிங்க, உங்களுக்கும் வரும்.

நாங்க வேலை பாக்குறது பழைய மகாபலிபுரம் ரோடு (ஓஎம்ஆர்) பக்கம், அதாவது கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், அந்தப் பக்கம் வேளச்சேரி, நடுவுல பள்ளிக்கரணை சதுப்பு நிலம். உதாரணமெல்லாம் இங்கேருந்துதான் வரும், உங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க.

மேப்ப தொறக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. யாருக்கு, என்ன குடுக்கப் போறீங்கன்னு எழுதி வெச்சுக்குங்க. தமிழ்நாட்டுல ரேஷன் அரிசி 2011 ஜூன்ல இருந்து இலவசம், அதனால கார்டு இருக்கற வீட்டுல குறையுறது பெரும்பாலும் அரிசி இல்ல, பருப்பு, எண்ணெய், காய்கறி, சிலிண்டர் காசு. சமைக்க வழியில்லாதவங்களுக்கு 2013-ல இருந்து அம்மா உணவகம் இருக்கு, இட்லி 1 ரூபா, சாம்பார் சாதம் 5 ரூபா. அப்ப ஓட்டை எங்க? எங்க அனுபவத்துல ரெண்டு எடம். ஒண்ணு, ஆத்தோரத்துல இருந்து தூக்கிட்டு வந்து இங்க குடி வெச்ச குடும்பங்க, பழைய வேலை பழைய ஊர்லயே இருக்கு, பஸ் காசும் நேரமும் போயிருது. இன்னொண்ணு வெளி மாநிலத்துல இருந்து வந்த கட்டட வேலை ஆளுங்க, ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்துல தமிழ்நாடு 2020 அக்டோபர்ல சேந்துருச்சுதான், ஆனா கார்டு ஊர்ல அம்மாகிட்ட இருக்கு, இவன் இங்க இருக்கான். இந்த ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே எடம் சரிப்படாது, அதப் புரிஞ்சுக்கவே எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு.

தேவையான சாமான்

கூகுள் எர்த் ப்ரோ, கம்ப்யூட்டர்ல போடுறது. 2015-ல இருந்து இலவசம். கியூஜிஐஎஸ், மேப் போட்டு கணக்கு பாக்குற சாஃப்ட்வேர், இதுவும் இலவசம், டவுன்லோட் பண்ணும்போது லாங் டெர்ம் ரிலீஸ்னு இருக்கறத எடுங்க, புதுசா வர்ற வெர்ஷன் வேணாம், ப்ளகின் (கூடுதலா சேக்குற குட்டி டூல்) எல்லாம் சண்டை போடும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல ஒரு அக்கவுண்ட், அது யாரு வேணா திருத்தலாம்ங்கற பொது மேப்பு. கோப்பர்னிகஸ் பிரவுசர்ல ஒரு அக்கவுண்ட், ஐரோப்பாக்காரங்களோட சென்டினல் படமெல்லாம் அங்க சும்மா பாக்கலாம். நம்ம இஸ்ரோவோட மேப் தளம் புவனும் இருக்கு, எட்டிப் பாத்து வெச்சுக்குங்க. எட்டு ஜிபி ரேம் இருக்கற லேப்டாப் போதும். ட்ரோன் வாங்கலாமான்னு ஒரு தம்பி கேப்பான், எல்லா டீம்லயும் ஒருத்தன் இருப்பான், வேணாம்னு சொல்லிருங்க. ஏர்போர்ட் இருக்கற ஊர்ல பர்மிஷனுக்கு அலையற நேரத்துல நாலு ஏரியாவ நடந்தே பாத்துரலாம்.

படத்துல என்ன தெரியும்

பசி தெரியாது. கூரை தெரியும், ரோடு தெரியும், தண்ணி தெரியும், காலி மனை தெரியும், அவ்ளோதான். எந்தப் படத்துல என்ன தெரியும்னு பிரிச்சுக்குங்க. சென்டினல்-2 படத்துல ஒரு புள்ளின்னா தரையில 10 மீட்டர், அதுல ஏரியும் சதுப்பு நிலமும் புது லேஅவுட்டும் தெரியும், குடிசை தெரியாது, நாலு வீடு சேந்து ஒரு புள்ளியா கரைஞ்சு போயிரும். அமெரிக்காக்காரங்களோட லேண்ட்சாட் படத்துல புள்ளி 30 மீட்டர், இந்த வேலைக்கு ஒதுக்கிருங்க. ராத்திரி லைட் படம்னு ஒண்ணு காட்டுவாங்க, பாக்க அழகா இருக்கும், அந்தப் புள்ளி அரை கிலோமீட்டர், ஒரு ஐடி பார்க் வெளிச்சத்துல பக்கத்துக் குடிசையெல்லாம் பளபளன்னு பணக்கார ஏரியா ஆயிரும். வீடு வீடா பாக்கணும்னா கூகுள் எர்த் ப்ரோதான்.

அதுல மேல கடிகாரம் மாதிரி ஒரு பட்டன் இருக்கும், அழுத்துனா பழைய வருஷத்துப் படமெல்லாம் வரும். பள்ளிக்கரணை மேல வெச்சு இருபது வருஷத்த பின்னாடி இழுத்துப் பாருங்க, எங்க தண்ணி நின்ன எடத்துல இப்ப என்ன நிக்குதுன்னு தெரியும், வயித்தக் கலக்கும். கீழ் ஓரத்துல படம் எடுத்த தேதி சின்னதா இருக்கும், அத எப்பவும் பாக்குற பழக்கம் வேணும். இப்ப ஓஎம்ஆர் முழுக்க மெட்ரோ வேலை நடக்குது, படத்துல நீங்க பாக்குற யூ டர்ன் இன்னிக்கு தகர வேலிக்குப் பின்னாடி இருக்கலாம்.

கூரைய வெச்சு படிக்கலாம். தார்ப்பாய்னா நீலமா கறுப்பா ஒட்டுப் போட்ட துணி மாதிரி இருக்கும், ஓலை பழுப்பு, ஆஸ்பெட்டாஸ் சீட்டு சாம்பல், புது தகரம் வெயில்ல கண்ணக் கூசும், மொட்டை மாடின்னா தண்ணி டேங்க் கறுப்புப் பொட்டா உக்காந்திருக்கும். லேபர் கேம்ப கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈஸி. பாதி கட்டுன பெரிய அபார்ட்மெண்ட் பக்கத்துல நீளநீளமா தகர ஷெட்டு, ரயில் பெட்டி மாதிரி வரிசையா, மரம் கிடையாது, ஒரே ஒரு வாசல். பழைய படத்துல போய்ப் பாத்தா அது இருக்காது, ரெண்டு வருஷம் கழிச்சும் இருக்காது. அதனாலதான் கேம்ப் ஆளுங்களுக்கு கடை மாதிரி நிரந்தரமா எடம் போடாதீங்க, வண்டி அனுப்புங்க. நாங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கேம்ப் எல்லாத்தையும் புதுசா குறிச்சு வண்டி ரூட்ட மாத்துறோம்.

எத்தன வீடு, எத்தன ஆளு

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா.

கூகுள் ஓபன் பில்டிங்ஸ்னு ஒரு டேட்டா இருக்கு, சேட்டிலைட் படத்துல இருந்து கம்ப்யூட்டரே கட்டடத்தோட ஓரத்தையெல்லாம் வரைஞ்சு வெச்சது, இந்தியாவுக்கும் இருக்கு, மைக்ரோசாஃப்ட்டும் இதே மாதிரி ஒண்ணு விட்டுருக்காங்க. ஃபைல் பெருசு, அப்படியே கியூஜிஐஎஸ்ல இழுத்துப் போட்டீங்கன்னா லேப்டாப் மூச்சு வாங்கும், முதல்ல உங்க ஏரியாவுக்கு ஒரு கட்டம் வரைஞ்சு கிளிப் பண்ணிக்குங்க. ஒவ்வொரு கட்டடத்துக்கும் பரப்பளவும், அது நெஜமாவே கட்டடம்தானான்னு ஒரு நம்பிக்கை மார்க்கும் இருக்கும். மார்க் கம்மியா இருக்கறத தூக்கிறாதீங்க, ஒட்டி ஒட்டி இருக்கற குடிசைங்கதான் கம்ப்யூட்டருக்குப் புரியாம கம்மி மார்க் வாங்கும், நமக்கு வேணுங்கறதே அதுதானே.

இப்ப சிக்கல் என்னன்னா பெரும்பாக்கத்துல எட்டு மாடி ப்ளாக் ஒண்ணு இந்த டேட்டாவுல ஒரே ஒரு கட்டடம். பக்கத்துல இருக்கற தனி வீடும் ஒரு கட்டடம். எண்ணிக்கைய மட்டும் எடுத்து ஹீட் மேப் போட்டீங்கன்னா பெரும்பாக்கம் காலியா தெரியும், தனி வீடு நெறைஞ்ச பழைய நகர் செவசெவன்னு தெரியும். நாங்க முதல்ல போட்ட மேப்ல அப்படித்தான் இருந்துச்சு, அத ஒரு மீட்டிங்ல வேற காட்டிட்டோம், அங்கயே குடியிருக்கற ஒரு வாலண்டியர் தம்பி சிரிச்சிட்டான்.

கணக்க இப்படி மாத்துங்க. கூரைப் பரப்பு 600 சதுர மீட்டர்னு வெச்சுக்குவோம். படிக்கட்டு, நடைவழிக்கு கால்வாசி கழிச்சா 450. ஒரு வீடு நானூறு சதுர அடின்னா சுமாரா 37 சதுர மீட்டர், அப்ப ஒரு மாடிக்கு பன்னெண்டு வீடு, எட்டு மாடிக்கு கிட்டத்தட்ட நூறு வீடு. ஒண்ணு இல்ல, நூறு! மாடி எத்தனைன்னு எப்படித் தெரியும்னா நிழலப் பாருங்க. ஒரே படத்துல, உங்களுக்கு மாடி தெரிஞ்ச ஒரு கட்டடத்தோட நிழல ரூலர வெச்சு அளந்துக்குங்க, மத்ததெல்லாம் அதோட விகிதம்தான், நாலு மாடிக்கு 8 மீட்டர் நிழல்னா 16 மீட்டர் நிழல் எட்டு மாடி. வேற தேதிப் படத்துல சூரியன் வேற எடத்துல இருக்கும், அளவ கலக்கக் கூடாது. இதே ஓபன் பில்டிங்ஸ்ல 2016-ல இருந்து 2023 வரைக்கும் வருஷா வருஷம் கட்டட உயரத்த மதிப்பு போட்டு ஒரு டேட்டா இருக்கு, கூகுளோட எர்த் எஞ்சின்னு ஆன்லைன் டூல் ஒண்ணு, அது தெரிஞ்ச பசங்க இருந்தா அதையும் எடுத்து ஒப்பிடுங்க.

வேர்ல்ட்பாப்னு மக்கள்தொகை கட்டம் கட்டமா கிடைக்கும், 100 மீட்டருக்கு ஒரு கட்டம். அத நேரா நம்பாதீங்க. அந்த மாதிரி டேட்டா எல்லாத்துக்கும் அடியில இருக்கறது சென்சஸ் கணக்கு, நம்மகிட்ட இருக்கற கடைசி சென்சஸ் 2011. அடையாறு, கூவம் ஓரத்துல இருந்து நிறைய குடும்பங்கள பெரும்பாக்கத்துக்கு கொண்டு வந்ததே 2015 வெள்ளத்துக்கு அப்புறம். அதாவது அந்தக் கட்டத்துல இருக்கற எண்ணு, அந்த ஜனங்க ஆத்தோரத்துல இருந்தப்ப எடுத்த கணக்க நீட்டி சுருக்கிப் போட்டது. பழைய ஊர் ஏரியாக்களுக்கு சரி, புதுசா குடி வெச்ச எடத்துக்கு கூரைக் கணக்குதான்.

தூரம்

இந்த பாகத்த மட்டும் படிச்சாக்கூட போதும்.

கியூஜிஐஎஸ்ல ப்ராஜெக்ட் ஆரம்பிச்ச உடனே கீழ வலது ஓரத்துல இருக்கற சிஆர்எஸ்ஸ (மேப்ல எடத்த எந்த அளவுல குறிக்கிறதுங்கற செட்டிங்) ஈபிஎஸ்ஜி 32644-க்கு மாத்துங்க, லேயர்களையும் (மேப் மேல அடுக்கடுக்கா போடுற டேட்டா) அதுலயே சேவ் பண்ணுங்க. அது சென்னைக்கு உண்டான, மீட்டர்ல அளக்குற யுடிஎம் 44 வடக்கு மண்டலம், மதுரையும் அதுலதான் வரும், கோயம்புத்தூர் 43-ல போயிரும். இது எதுக்குன்னா, மாத்தாம வெச்சுக்கிட்டு ஆயிரம் மீட்டர் வட்டம் போடலாம்னு பஃபர்ங்கற டூல்ல 1000 அடிச்சேன், அது ஆயிரம் டிகிரின்னு எடுத்துக்கிட்டு பூமியையே முழுங்குற மாதிரி ஒரு வட்டம் போட்டுக் குடுத்துச்சு. எங்க ஃபுட் பேங்க் ஒண்ணே உலகத்துக்கே போதும்னு அன்னிக்கு நிம்மதியா டீ குடிச்சோம்.

சரி, வட்டம் ஒழுங்கா வந்துச்சு. ஆனா வட்டமே தப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. பக்கிங்காம் கால்வாய் ஓரத்துல ஒரு குடியிருப்பு, நாங்க குறிச்ச எடத்துக்கும் அதுக்கும் மேப்ல நேர்கோடு 300 மீட்டர், வட்டத்துக்கு உள்ள ஜம்முனு இருக்கு. முதல் மாசம் அந்தப் பக்கத்துல இருந்து ஒருத்தர் கூட வரல. நேர்ல போய் ஒரு அக்காகிட்ட கேட்டோம், "ஏக்கா, பக்கத்துலதான இருக்கு, வரலாம்ல?"ன்னு. அந்தக்கா தண்ணிக் குடத்த இடுப்புல இருந்து எறக்காமலே, "எங்க தம்பி பக்கத்துல? உனக்கும் எனக்கும் நடுவுல கால்வாய் ஓடுது, பாலம் அந்தாண்ட கெடக்கு, சுத்தி வந்தா அரை மணி நேரம், திரும்பப் போக அரை மணி நேரம், தலையில மூட்ட வேற, அந்த நேரத்துக்கு ஒரு வீட்டுல பாத்திரம் தேச்சா காசாவது வரும்"னு சொல்லிட்டுப் போயிருச்சு. ஃபோன்ல நடை தூரம் போட்டுப் பாத்தேன், 1.9 கிலோமீட்டர்.

அதனால வட்டம் போடாதீங்க, நடை எல்லை போடுங்க. கியூஜிஐஎஸ்ல ப்ளகின்ஸ்ல போய் ஓஆர்எஸ் டூல்ஸ்னு தேடி இன்ஸ்டால் பண்ணுங்க, ஓபன்ரூட்சர்வீஸ் தளத்துல ஒரு கீ (பாஸ்வேர்டு மாதிரி ஒண்ணு) வாங்கி அதுல ஒட்டுங்க, ஐசோக்ரோன்னு (இத்தன நிமிஷத்துல எட்டுற எல்லை) இருக்கறத எடுத்து, ப்ரொஃபைல்ல கார மாத்தி நடைன்னு வெச்சு, நிமிஷத்துக்கு 10, 15 குடுங்க. வட்டத்துக்கு பதிலா கோணல்மாணலா ஒரு வடிவம் வரும், கால்வாய்கிட்ட வந்து வெட்டுன மாதிரி நிக்கும். அந்தக் கோணல்தான் நெஜம். அது கணக்கு போடுறது கை வீசி நடக்குறவங்க வேகத்துல, சுமாரா மணிக்கு 5 கிலோமீட்டர். கையில பத்து கிலோ பை, இடுப்புல பிள்ளைன்னா அந்த வேகம் வராது, அதனால நாங்க 15 நிமிஷம்னு நினைக்கிறதுக்கு 10 போட்டுக்குவோம்.

இன்னொரு கண்ணி இருக்கு. இந்த நடை எல்லை வர்றது ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல இருக்கற ரோட வெச்சு. அதுல சந்து இல்லன்னா, நெஜத்துல ரெண்டு நிமிஷத்துல போற எடத்துக்கு மேப்பு இருபது நிமிஷம் காட்டும். ப்ளாக்குகளுக்கு நடுவுல இருக்கற நடைவழி, சுவத்துல ஓட்டை போட்டு ஜனங்க போற குறுக்கு வழி, இதெல்லாம் அங்க இருக்காது. நீங்களே போடணும். பிரவுசர்லயே எடிட்டர் இருக்கு, பின்னாடி பிங் படத்த வெச்சு சந்து சந்தா கோடு இழுத்துட்டு நடைபாதைன்னு டேக் பண்ணுங்க. கூகுள் படத்தப் பாத்து இழுக்கக் கூடாது, அதுக்கு அனுமதி இல்ல, ஓபன்ஸ்ட்ரீட்மேப்காரங்க அழிச்சிருவாங்க. நாலு பேர் ஒரு ஞாயித்துக்கிழம உக்காந்தா ஒரு குடியிருப்பு முடிஞ்சிரும். கால்வாய் மேல பாலம் இருக்கா, ஓஎம்ஆர தாண்ட எங்க வழி இருக்குன்னு மட்டும் நேர்ல போய் உறுதி பண்ணிக்குங்க. ஆறு லேன் ரோடும் ஒரு கால்வாய் மாதிரிதான், வயசானவங்களுக்கு அத விட மோசம்.

பஸ்ஸ மறந்துறாதீங்க. 2021 மே-ல இருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல. அப்ப ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் இலவச பஸ் நிக்கிற ஸ்டாப்புக்கு பக்கத்துல இருக்கற எடம், ஒரு கிலோமீட்டர்ல பஸ் இல்லாத எடத்த விட நல்லது. ஸ்டாப்ப மட்டும் குறிச்சா பத்தாது, அந்த பஸ் எத்தன மணிக்கு ஒண்ணு வருதுன்னு அங்க நின்னு பாக்கணும்.

தண்ணி

சென்னையில எடம் பாக்குறவன் தண்ணிய பாக்காம விட்டான்னா அடுத்த டிசம்பர்ல அரிசி சிப்பம் மெதக்கும். 2015, அப்புறம் 2023 டிசம்பர் மிக்ஜாம், ரெண்டுலயும் இந்தப் பக்கம் என்ன ஆச்சுன்னு தெரியும்.

மேகம் மூடியிருந்தாலும் படம் எடுக்குறது சென்டினல்-1, அது ரேடார். கோப்பர்னிகஸ் பிரவுசர்ல சென்டினல்-1 எடுத்து, வெள்ளத்துக்கு முந்தின தேதி ஒண்ணு, பிந்தின தேதி ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, அசையாத தண்ணி கறுப்பா தெரியும். ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, சென்டினல்-1ங்கறது ரெண்டு சேட்டிலைட் ஜோடி, அதுல ஒண்ணு 2021 டிசம்பர்ல பழுதாயிருச்சு, அடுத்தது மேல போனதே 2024 டிசம்பர்ல, நடுவுல இருந்த வருஷத்துல ஒரே எடத்துக்கு மேல அதே பாதையில திரும்ப வர 12 நாளு. படம் எடுத்த நாளுக்குள்ள தண்ணி வடிஞ்சிருக்கலாம். ரெண்டு, நெருக்கமா கட்டடம் இருக்கற எடத்துல ரேடார் சுவத்துல மோதி மோதி திரும்பும், தெருவுல இடுப்பளவு தண்ணி இருந்தாலும் கறுப்பா தெரியாது. அதனால ஒரு எடம் கறுப்பா இருந்தா அங்க போகாதீங்க, கறுப்பா இல்லன்னா பத்திரம்னு அர்த்தம் இல்ல.

உயரம் காட்டுற டேட்டாவ வெச்சு மேடு பள்ளம் பாக்கலாம்னு யூடியூப்ல சொல்லிக் குடுப்பாங்க. மலை ஊருக்கு சரி. நம்ம ஊர் தட்டை, அதுல இலவசமா கிடைக்கிற டேட்டாவுல மீட்டர் கணக்குல தப்பு இருக்கும், கூரையையும் மரத்தையும் சேத்து தரைன்னு எடுத்துக்கும். நமக்கு ஒரு அடி ரெண்டு அடி வித்தியாசம்தானே வேணும். அதுக்கு பழைய சுவரப் பாருங்க, கறை இருக்கும். இல்லன்னா பெட்டிக்கடைக்காரர்ட்ட "2015-ல உங்க கடையில எது வரைக்கும்ணே வந்துச்சு"ன்னு கேளுங்க, கையாலயே காட்டுவாரு. அந்த உயரத்த டேப்ல அளந்து மேப்ல புள்ளியா போட்டோம், எங்ககிட்ட அப்படி எழுபது புள்ளி இருக்கு, எந்த சேட்டிலைட்டும் அத குடுக்காது.

சாமான் வெக்கிற எடம் வேற, குடுக்குற எடம் வேற

இத ஒண்ணாப் போட்டு கொழப்பிக்காதீங்க. குடுக்குற எடம் ஜனங்களுக்குப் பக்கத்துல இருக்கணும், சாமான் வெக்கிற எடம் வண்டிக்குப் பக்கத்துல இருக்கணும். கோயம்பேட்டுல இருந்து காய் வருது, மண்டபத்துல இருந்து மிச்ச சாப்பாடு வருது, மளிகை லாரியில வருது.

கோடவுனுக்கு நடுப்புள்ளி பாக்க கியூஜிஐஎஸ்ல மீன் கோஆர்டினேட்ஸ்னு ஒரு டூல் இருக்கு, குடுக்குற எடங்கள போட்டு, வாரத்துக்கு எத்தன கிலோங்கறத வெயிட்டா குடுத்தா நடுவுல ஒரு புள்ளி வெக்கும். வேளச்சேரி, கண்ணகி நகர், பெரும்பாக்கம் மூணையும் போட்டு ஆசையா அழுத்துனேன், புள்ளி போய் கரெக்டா பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு நடுவுல உக்காந்துச்சு. ராம்சர் சைட்டு, அதாவது உலக அளவுல முக்கியம்னு அறிவிச்ச ஈர நிலம், பூநாரை நிக்கிற எடம். நடுப்புள்ளின்னா அங்கயே வைக்கணும்னு இல்ல, அதச் சுத்தி இருக்கற ரோட்டுல எங்க எடம் கிடைக்கும்னு தேட ஒரு ஆரம்பம், அவ்ளோதான்.

எடம் கிடைச்சா கூகுள் எர்த் ரூலர்ல ரோட்டு அகலத்த அளங்க. குட்டி யானை அஞ்சடி அகலம்தான், பத்தடி சந்துன்னா நுழைஞ்சு வந்துரும், லாரின்னா திரும்ப எடம் வேணும். வெவ்வேற தேதிப் படத்துல அந்த ரோட்ட பாருங்க, ஒரு படத்துல ரெண்டு பக்கமும் கார் நிக்கும், இன்னொண்ணுல காலியா இருக்கும், காலியா இருக்கறத நம்பி வாக்கு குடுக்காதீங்க. மரத்துக்கு அடியில இருக்கறது, தாழ்வா தொங்குற கேபிள் வயரு, ரெண்டும் மேல இருந்து தெரியாது. எங்க முதல் லாரி வயர்லதான் மாட்டுச்சு, தெருவுக்கே சாயங்காலம் வரைக்கும் டிவி இல்ல, நாங்க வாங்குன திட்டு கொஞ்ச நஞ்சம் இல்ல.

சமைச்ச சாப்பாடு எடுக்குறவங்க, மண்டபத்துல இருந்து குடுக்குற எடத்துக்கு வண்டி நேரம் அரை மணிக்குள்ள இருக்கற மாதிரி பாத்துக்குங்க, மே மாச வெயில்ல சாம்பார் சாதம் நமக்காக காத்திருக்காது. மிச்ச உணவு எடுத்துக் குடுக்குறதுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐயோட 2019 விதி இருக்கு, அதுல பதிவு பண்ணிருங்க.

எடத்த முடிவு பண்றது

இப்ப உங்ககிட்ட மூணு லேயர் இருக்கு: வீட்டுக் கணக்கோட கட்டடங்க, தண்ணி நிக்கிற எடம், ஏற்கெனவே இருக்கற ரேஷன் கடையும் அம்மா உணவகமும். கடைசியில சொன்னத நடந்து போய் குறிங்க, ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல ரேஷன் கடை பத்துல ஒண்ணு இருந்தாலே பெருசு. அப்புறம் கிடைக்க வாய்ப்பு இருக்கற எடங்கள புள்ளி வைங்க, சமுதாயக் கூடம், சர்ச் ஹால், ஸ்கூல் மைதானம், சங்கக் கட்டடம். நாங்க பன்னெண்டு வெச்சோம். ஒவ்வொண்ணுக்கும் நடை எல்லை போட்டு, அதுக்குள்ள எத்தன வீடு வருதுன்னு ஜாயின் பண்ணி எக்செல்ல எறக்குங்க.

பன்னெண்டுல மூணு எடுக்கணும்னா 220 விதமா எடுக்கலாம். தனித்தனியா மார்க் அதிகமா இருக்கற மூணையும் எடுத்தா போச்சுன்னு நினைக்காதீங்க, மூணும் ஒரே குடியிருப்பச் சுத்தி நிக்கும். மூணும் சேந்து மொத்தம் எத்தன வீட்டத் தொடுது, ஒரே வீட்ட ரெண்டு தடவ எண்ணாம, அதுதான் கணக்கு. பைத்தான் தெரிஞ்சா நாலு வரி, தெரியலன்னா எக்செல்ல ஒரு மத்தியானம். மேல வர்ற ஒண்ணோட நிக்காம முதல் அஞ்சையும் எடுத்துக்கிட்டு நடக்க ஆரம்பிங்க.

நடக்கும்போது ஃபோன்ல கோபோ டூல்பாக்ஸ்ல (சர்வே எடுக்குற டூல்) ஒரு சின்ன ஃபார்ம் போட்டுக்குங்க. கேக்க வேண்டியது, தண்ணி லாரி எத்தன மணிக்கு வருது (அந்த நேரத்துல நீங்க குடுத்தா ஒரு பொம்பள வராது), வீட்டு வேலைக்குப் போறவங்க எப்ப திரும்புறாங்க, ராத்திரி அந்தத் தெருவுல லைட் எரியுமா. எங்க லிஸ்டுல முதல்ல வந்த எடம், படத்துல விசாலமா மைதானம், நல்ல ரோடு, தண்ணி நிக்காது, 220-ல முதல் மூணு வரிசையிலயும் அது இருக்கு. போய்ப் பாத்தா எதிர்ல ஒயின்ஷாப். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்தப் பக்கம் எந்தப் பொண்ணும் நடக்க மாட்டா. கூரை மேல இருந்து பாத்தா ஒயின்ஷாப்பும் மளிகைக் கடையும் ஒரே தகரம்தான்.

இன்னொரு முக்கியமான விஷயம், இந்த மேப்ப எங்கயும் போட்டுறாதீங்க. எந்தக் கால்வாய் ஓரத்துல எத்தன குடிசை, எத்தன பேர்னு துல்லியமா வரைஞ்ச மேப்பு, சோறு போடுறவன் கையில இருந்தா ஒரு மாதிரி, காலி பண்ண வர்றவன் கையில இருந்தா வேற மாதிரி. நன்கொடை குடுக்குறவங்களுக்குக் காட்டணும்னா வார்டு அளவுல கலர் போட்டுக் காட்டுங்க, வீட்டுப் புள்ளி எல்லாம் பாஸ்வேர்டு போட்ட லேப்டாப்ல இருக்கட்டும், வாட்ஸ்ஆப் குரூப்ல வேணவே வேணாம்.

எக்செல்ல கடைசியில ரெண்டு மூணு வரிசை காலியா விட்டு வைங்க. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த அந்த அக்காவ ரெண்டாவது ரவுண்டுல திரும்பப் பாத்தோம், பன்னெண்டு எடத்தையும் ஃபோன்ல காட்டி எது சவுகரியம்னு கேட்டோம், அது ஒவ்வொண்ணா பாத்துட்டு, "இதெல்லாம் எதுக்கு, எங்க தெரு முக்குல டைலர் கடை இருக்கு, பெரிய திண்ணை, செவ்வாக்கெழம கடை லீவு"ன்னுச்சு. ஆஸ்பெட்டாஸ் சீட்டு, பத்துக்கு பன்னெண்டு, படத்துல நாங்க பத்து தடவ தாண்டிப் போன கூரை. பதிமூணாவது வரிசையில அதப் போட்டு திரும்பக் கணக்கு ஓட்டுனோம், இப்ப 286 கூட்டு, அதுல முதல் அஞ்சுல நாலுல டைலர் கடை இருந்துச்சு. செவ்வாக்கெழம சாயங்காலம் நாலரைக்கு அங்கதான் குடுக்குறோம்.